தோப்பைத் தட்டிப் பார்க்க வாருங்கள்

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்கும் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இரண்டு மீட்டர் இடைவெளியில் தேக்கு நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் கன்று நிற்கும். நாலைந்து வருஷத்தில், நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டிக் கலைக்க வேண்டும், அப்புறம் பத்தாம் வருஷ வாக்கில் மறுபடியும். எதை வெட்டுவது, எதை விடுவது? எங்கள் கையில் இருப்பது டேப் ஒன்றுதான். மார்பு உயரத்தில் சுற்றளவு பிடிக்கிறோம். பருத்ததை விடுகிறோம், மெலிந்ததைச் சாய்க்கிறோம்.

போன கலைப்பில், காற்றில் தலை முறிந்த ஒரு பருத்த மரத்தையும் வெட்ட வேண்டி வந்தது. அதையும் ஒரு மெலிந்த மரத்தையும் ஒரே அளவுச் சட்டங்களாக அறுத்தோம். ஆசாரி இரண்டு முனையிலும் கல் வைத்து, நடுவில் ஏறி நின்றார். பருத்த மரத்துச் சட்டம் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்தது. மெலிந்ததோ அசையவில்லை. அது போன்ற மரங்களை அன்று காலையில் எத்தனை சாய்த்தேன் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வெட்டாமலே இதை அறியும் வழி உங்களுக்குத் தெரியும். பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கும்படி, ஒரு மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு ஊசி. கீழ் ஊசியில் சுத்தியலால் ஒரு தட்டு. அதிர்வு மேல் ஊசிக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கருவி காட்டிவிடும். 250 மைக்ரோவினாடி என்றால் வேகம் வினாடிக்கு 4,000 மீட்டர். 300 என்றால் 3,333தான். வேகத்தின் வர்க்கத்தைப் பச்சை மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு, அதாவது பாரத்தில் தொய்யாமல் நிற்கும் குணம். அடர்த்தி ஒன்றாக இருந்தால் முதல் மரம் 1.44 மடங்கு விறைப்பானது. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சங்கதிதான். நியூசிலாந்தில் ரேடியேட்டா பைன் மரங்களை நின்ற நிலையிலேயே இப்படிச் சோதிக்கிறார்கள்.

வெளிப்பக்க மரத்தைப் பற்றித்தான் இது அதிகம் சொல்லும், உள்ளே வைரம் எவ்வளவு பாய்ந்திருக்கிறது என்று சொல்லாது. சரி, அதற்குப் பென்சிலைவிட மெல்லிய துண்டு ஒன்றைத் துளைத்தெடுத்தால் போதும். அதற்கும் மரம் விழ வேண்டியதில்லை.

கலைக்கும் பருவத்துக்கு முன்னால் கருவியோடு எங்கள் ஊர்களுக்கு வாருங்கள். தோப்பு முழுக்கத் தட்ட வேண்டாம். விடுவதா வெட்டுவதா என்று தடுமாறும் மரங்களை மட்டும், எதிரெதிர்ப் பக்கங்களில். தாய் மரம் தேர்ந்து கன்று கொடுக்கும்போதும் உயரம், சுற்றளவோடு இந்த எண்ணையும் அட்டையில் எழுதிக் கொடுங்கள். வாங்கிப் போகிறவர் இருபது வருஷம் காத்திருக்கப் போகிறார்.

என் தோப்பில் அடுத்த கலைப்பு தை முடிந்ததும். வெட்டுவதற்குச் சுண்ணாம்புக் குறி போட்டாயிற்று. நீங்கள் வரும்வரை அதில் ஒன்றிலும் கோடாரி வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தேக்கு விவசாயி