கால்மயிரை மட்டும் பார்த்து இனம் சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குதிரைகள் பற்றிய கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் முழங்காலிலிருந்து குளம்பு வரை மயிர் தொங்கும் குதிரைகள் எல்லாவற்றையும் 'ஜிப்சி வானர்' என்ற ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டதும், அந்த இனத்தை 1990களில் அமெரிக்கர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதியதும் சரியில்லை. வடக்கு இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குதிரைகள் நிற்கும் ஒரு லாயத்தில் வார இறுதிகளில் வேலை பார்க்கிறேன். அவற்றின் கால்களைக் கழுவித் துடைத்து உலர்த்துகிற பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'காப்' என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் அது ஒரு தனி இனம் அல்ல, உடல்வாகு. குட்டையான உறுதியான கால்கள், அகன்ற மார்பு, உருண்டு திரண்ட பின்புறம், யாரை ஏற்றினாலும் பதறாத குணம்: இவை இருந்தால் அது காப். கண்காட்சிகளில் வரும் காப் குதிரைக்குப் பிடரியை ஒட்டக் கத்தரித்து, கால்மயிரையும் மழித்துத்தான் கொண்டு வருவார்கள். ஒரு காலத்தில் வாலையும் வெட்டினார்கள். 1949இல் வந்த சட்டம்தான் அந்தக் கொடுமையை நிறுத்தியது. அதே உடல்வாகுள்ள குதிரையை, பிடரி, வால், கால்மயிர் எதிலும் கத்தரி படாமல் வளர்த்தால் அதை 'டிரடிஷனல் காப்' என்பார்கள்.

வேல்ஸ் நாட்டு காப் வேறு. அது பதிவேடு உள்ள இனம். 1901இல் தொடங்கிய வேல்ஸ் மட்டக்குதிரை, காப் சங்கம் அதை 'செக்‌ஷன் டி' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. தோள் உயரம் 137 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கும் கீழே நிற்கும் காப் வாகு மட்டக்குதிரை 'செக்‌ஷன் சி'. பட்டுப்போன்ற மயிர் காலில் கொஞ்சம் இருந்தால் தவறில்லை, முரட்டு மயிர் கூடாது என்பது அவர்கள் விதி. வெள்ளைத் திட்டுகள் போட்ட உடம்பையும் ஏற்பதில்லை. ஆகவே கறுப்பு வெள்ளைத் திட்டும் அடர்ந்த கால்மயிரும் உள்ள ஒன்றை வேல்ஸ் காப் என்று எழுத வழியே இல்லை. உங்கள் கட்டுரை ஓரிடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நீங்கள் வானர் என்று எழுதிய அந்தத் திட்டு உடம்புக் குதிரையை உருவாக்கியவர்கள், ஜிப்சிகள் எனப்பட்ட பிரிட்டனின் ரோமானி மக்கள். என் வருத்தமெல்லாம் அவர்கள் பெயர் கட்டுரையில் ஒரே வரியில் வந்து போனதில்தான். 1850ஐ ஒட்டி 'வார்டோ' எனப்படும் வீட்டு வண்டிகளில் அவர்கள் குடும்பத்தோடு வாழத் தொடங்கினார்கள். அப்போது இழுவைக்குக் கிடைத்தவை கோவேறு கழுதைகளும் மற்றவர்கள் கழித்துவிட்ட குதிரைகளும்தான். பிறகு திட்டு நிறம் மதிப்பிழந்தது. அந்த நிறத்தில் பிறந்த ஷயர் போன்ற பெரிய குதிரைகளைப் பலர் ஒதுக்கினார்கள், கொன்றும் போட்டார்கள். அவற்றில் பல ரோமானி மக்களிடம் வந்து சேர்ந்தன. ஷயர், கிளைட்ஸ்டேல் என்ற பெரிய இழுவை இனங்களின் பலத்தோடு வடக்கு இங்கிலாந்தின் டேல்ஸ், ஃபெல் மட்டக்குதிரைகளின் கச்சிதமும் சுறுசுறுப்பும் கலந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்று நாம் பார்க்கும் வடிவம் உறுதிப்பட்டது. ஊர் ஒதுக்கிய நிறம் 1950களில் அவர்களிடையே பெருமைக்குரிய நிறமாகிவிட்டது.

அவர்கள் அழகை மட்டும் பார்க்கவில்லை. வீட்டையே இழுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சீரான ஓட்டநடையில் போக வேண்டும். மேடு வந்தால் உச்சிக்குப் போகும்வரை நிற்கக் கூடாது, நடுவில் நின்றால் மறுபடி வண்டியை நகர்த்த முடியாமல் போகலாம். பழக்கும்போது குட்டியை வண்டிக் குதிரையின் பக்கத்தில் கட்டி நடத்துவார்கள். பின்னால் வரும் வண்டியைப் பார்த்து மிரளும் குதிரைக்குப் பழைய தொப்பி ஒன்றை மாட்டிவிடுவார்கள், கண்பட்டைக்கு மேலாக அது எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு. குழந்தைகள் குதிரையின் காலடியிலேயே விளையாடும் வாழ்க்கை என்பதால் முன்கோபக் குதிரைக்கு அங்கே இடமில்லை. இன்று இந்த இனத்தின் சாதுக் குணத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். அது தானாக வந்த குணமா? தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தப் புகழில் பங்கு வேண்டாமா?

1995இல் வேல்ஸில் பயணம் செய்த அமெரிக்கத் தம்பதி ஒருவர் வயலில் ஒரு பொலிகுதிரையைப் பார்த்து மயங்கி, அடுத்த ஆண்டு இவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதும் சங்கம் தொடங்கியதும் உண்மை. வானர் என்ற பெயர் அந்தச் சங்கம் வைத்துக்கொண்டது. இதே குதிரையை அயர்லாந்தில் ஐரிஷ் காப் என்கிறார்கள், நெதர்லாந்தில் டிங்கர். ஏற்கெனவே பலர் வளர்த்துவந்த ஒன்றுக்குப் பதிவேடு போட்டதைக் கண்டுபிடிப்பு என்று எழுதலாமா? பதிவேடு இல்லாத காலத்திலும் எந்தப் பொலிகுதிரைக்கு எது பிறந்தது என்பதை ரோமானிக் குடும்பங்கள் வாய்வழியாகவே வைத்திருந்தன. இன்றும் ஜூன் மாதத்தில் கம்பிரியாவின் ஆப்பிள்பி சந்தைக்குப் போனால், அவர்கள் ஈடன் ஆற்றில் குதிரைகளைக் குளிப்பாட்டி, சாலையில் ஓட்டிக் காட்டி விலை பேசுவதைப் பார்க்கலாம்.

அப்புறம், கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று. கால்மயிர் அடர்ந்த இனங்களுக்கு நிணநீர் சரியாக வடியாமல் கால் வீங்கும் நோய் வருகிறது. ஷயர், கிளைட்ஸ்டேல், பெல்ஜிய இழுவைக் குதிரைகள், இந்த காப் எல்லாவற்றிலும் உண்டு. தோல் தடித்து, மடிப்பு விழுந்து, கட்டி கட்டியாகி, முற்றினால் நம் ஊர் யானைக்கால் போலவே ஆகிவிடும். முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. மயிருக்குள் ஒளிந்திருக்கும் சிற்றுண்ணிகள் அரிப்பை உண்டாக்கி நிலைமையை இன்னும் கெடுக்கும். பார்க்கிற நமக்கு வெள்ளை மயிர் மட்டும்தான் தெரியும், உள்ளே இருக்கும் புண் தெரியாது. குதிரை ஓயாமல் காலைத் தரையில் உதைத்தால் அது விளையாட்டு அல்ல. மயிரைக் கத்தரித்தால்தான் தோலைப் பார்க்கவும் மருந்து போடவும் உலர வைக்கவும் முடியும். ஆனால் கண்காட்சியில் மதிப்பெண் மயிருக்குத்தானே? கத்தரி எடுக்கவே பலர் தயங்குகிறார்கள். மயிர் எவ்வளவு நீளமோ அவ்வளவு உயர்ந்த குதிரை என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் அந்தத் தயக்கத்தை வளர்க்கிறது. உங்களுடையதும் அப்படித்தான் முடிந்திருந்தது. அது என்னைச் சங்கடப்படுத்தியது.

குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ஃபெல், டேல்ஸ் இனங்களில் குட்டிகளின் நோய் எதிர்ப்பு சக்தியையே அழிக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்த இரத்தக் கலப்பால் திட்டு நிற காப் குதிரைகளிலும் அது வந்திருக்கிறது. தாய், தந்தை இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி நோயோடு பிறக்கும், சில மாதங்கள்கூடத் தாங்காது. 2010 முதல் இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. சேர்க்கைக்கு முன் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் மூன்றாவது படத்தின் குறிப்பையும் மாற்றுங்கள். பிடரி மழித்து, கால்மயிர் இல்லாமல் நிற்கும் அந்தப் பழுப்புக் குதிரை வானர் அல்ல, கண்காட்சி காப். அடுத்த பக்கத்தில் பக்கத்திலிருக்கும் ஆளைவிடத் தோள் உயர்ந்து நிற்பது ஷயர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிராட்ஃபோர்ட், இங்கிலாந்து