கவீயா சாலை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

எல்லாருக்கும் ஒரே கூலி என்றால் ஒருத்தனும் உடம்பை வளைக்க மாட்டான், கூட்டுறவுக் குடியிருப்புகள் அதனால்தான் படுத்துவிட்டன என்று எழுதியிருந்தாய். படித்ததும் கலிபோர்னியாவில் கவீயா என்ற கூட்டுறவுக் குடியிருப்பை அமைத்த ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக உன்னிடம் கொஞ்சம் வாதாட வேண்டும்.

1885இல் பர்னெட் ஹாஸ்கெல், ஜேம்ஸ் மார்ட்டின் போன்ற சான் பிரான்சிஸ்கோ தொழிற்சங்கக்காரர்கள் கூடி, சியரா நெவாடா மலைக்காட்டில் ஆளுக்கு 160 ஏக்கர் கேட்டு அரசிடம் மனுப் போட்டார்கள். ஏக்கர் இரண்டரை டாலர். மரம் அறுத்து விற்று முதலாளி இல்லாமல் பிழைப்பது திட்டம். இவர்கள் ரயில்வே கம்பெனியின் பினாமிகளோ என்று சந்தேகப்பட்ட அரசு மனுக்களை நிறுத்திவைத்தது. எப்படியும் நிலம் கைக்கு வந்துவிடும் என்று நம்பி அடுத்த ஆண்டே சாலை போட இறங்கிவிட்டார்கள்.

அந்தச் சாலையைத்தான் நீ பார்க்க வேண்டும். 18 மைல், 5,000 அடிக்கு மேல் உயரம், செங்குத்தான சரிவு. பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது, பிக்காசும் மண்வெட்டியும்தான். 4 ஆண்டு உழைத்து முடித்தார்கள். ஒரு நாள் வேலை 8 மணி நேரம். 1886இல் இதே 8 மணி நேரத்தைக் கேட்டுத்தான் சிகாகோவில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், செத்தார்கள். மலையில் இவர்கள் அதைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள்.

பாறை உடைப்பவனுக்கும் கணக்கு எழுதுபவனுக்கும் மணிக்கு 30 சென்ட். அதுவும் காசாக இல்லை, நேரச் சீட்டாக. சீட்டில் அச்சடித்திருந்தது டாலர் அல்ல, நிமிடங்கள். குடியிருப்பின் கடையில் அதைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம். உறுப்பினர் கட்டணம் 500 டாலர். 100 டாலரை ரொக்கமாகக் கட்டிவிட்டால் மீதியை உழைத்தே கழிக்கலாம். கூலிக்காரனும் பங்குதாரன் ஆக அப்படி ஒரு வழி வைத்திருந்தார்கள்.

சண்டை இல்லையா என்றால், நிறைய இருந்தது. நிர்வாகத்தோடு சண்டை, ஒருவருக்கொருவர் சண்டை, வெளியேறியவர்களும் உண்டு. ஆனால் சாலை நிற்கவில்லையே!

1890இல் சாலை முடிந்து மரம் அறுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், செக்கோயா என்னும் ராட்சத மரங்களைக் காக்க, செக்கோயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் அதை இன்னும் பெரிதாக்கினார்கள். இவர்கள் கேட்ட நிலம் பூங்காவுக்குள் போய்விட்டது. அரசுக்குச் சொந்தமான மரத்தை வெட்டியதாக நிர்வாகிகள் மேல் வழக்கு, தண்டனை. 1892இல் குடியிருப்பு கலைந்தது.

அந்த மரங்கள் காப்பாற்றப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. அவை நிற்க வேண்டியவைதான். ஆனால் சாலையை மட்டும் சும்மா எடுத்துக்கொண்டார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 1903இல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் சார்லஸ் யங்கின் படைவீரர்கள் அதைப் பூங்காவின் ராட்சத மரக்காடான ஜெயண்ட் ஃபாரஸ்ட் வரை நீட்டினார்கள். 1926இல் புதிய நெடுஞ்சாலை திறக்கும்வரை பூங்காவுக்கு வந்தவர்கள் அதில்தான் ஏறினார்கள். போட்டவர்களுக்கு அரசு ஒரு சென்ட் தரவில்லை.

அந்தச் சாலையின் ஒரு பகுதி இப்போது நடைபாதையாக இருக்கிறது. கலிபோர்னியா போகப்போவதாகச் சொன்னாயே, ஒரு நாள் ஒதுக்கி அதில் ஏறிப் பார். அப்புறம் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்