அண்ணா, வியாழக்கிழமை நான் தனியாகப் போகிறேன்

அண்ணா,

வியாழக்கிழமைக்கு நீ லீவு சொல்லிவிட்டதாக அண்ணி சொன்னார். அதை ரத்து செய்துவிடு. என் முதுகு வலிக்கான முதல் ஊசிக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கோபம் இல்லாத நாளிலும் இதையேதான் முடிவு செய்திருப்பேன். போனில் சொல்லலாம் என்றால், நீ நடுவில் ஏதாவது பேசுவாய், நான் "சரி, வா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பாய். என் முதுகைப் பற்றி நம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னதுதான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாய். இருந்தாலும் ஒரு முறையாவது அதை நானே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அப்புறம், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து நடந்துகொண்டிருக்கும் இன்னொருவர் கண்ணில் இது படலாம். அவருக்கும் சேர்த்துத்தான்.

அந்த இரண்டாவது எலும்பு மருத்துவரை நினைவிருக்கிறதா? அவர் பெயரும் வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பார்த்தார். கட்டிலில் படுக்கச் சொல்லி, காலைத் தூக்கிப் பார்த்து, திரும்ப உட்கார்ந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "ஓய்வெடுத்தால் வலி குறைகிறதா, நடமாடினால் குறைகிறதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "வேலை செஞ்சாதான் டாக்டர் வலி. படுத்துட்டா சரியாயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஏன் தலையாட்டினேன் என்று எனக்குள்ளேயே பல முறை கேட்டிருக்கிறேன். நீ காலையிலிருந்து என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் மேலதிகாரி போனில் கத்தியதும் என் காதில் விழுந்தது. அத்தனைக்கும் பிறகு, ஒரு வெளியாள் முன்னால் "இல்லை, அண்ணன் சொல்வது தப்பு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீ பொய்யும் சொல்லவில்லை. நீ பார்த்தது அதைத்தான். நீ வீட்டுக்கு வரும் நேரத்தில் நான் படுத்திருப்பேன், எழுந்து ஏதாவது செய்யப் போனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதிலிருந்து வேறு யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

நீ பார்க்காதது என்னவென்றால், நான் படுத்திருந்தது ராத்திரி தூக்கம் இல்லாததால். பின்னிரவில் புட்டத்தின் உள்ளே எங்கேயோ ஆழத்தில் வலி தொடங்கும். ஒரு வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது பக்கம். புரண்டு படுக்க முடியாது. எழுந்து கூடத்தில் விளக்கைப் போடாமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடப்பேன். நடக்க நடக்கக் குறையும். காலையில் குனிந்து முகம் கழுவ முடியாது. முதுகு முழுக்க இறுகிப்போய் இருக்கும். அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியத்துக்குள் கொஞ்சம் மனுஷியாக இருப்பேன். மறுபடி கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எல்லாம் முதலிலிருந்து.

அந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியாது. உனக்கும் தெரியாது. தசைப்பிடிப்பு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் தேய்மானம் போன்றவற்றால் வரும் வலி பெரும்பாலும் உழைத்தால் கூடும், ஓய்வில் அடங்கும். அழற்சியால், அதாவது உள்ளே வீங்கிப் புண்படுவதால், வரும் முதுகு வலி இதற்குத் தலைகீழ். ஓய்வில் அடங்காது, அசைந்தால் குறையும், பின்னிரவில் எழுப்பும், காலையில் அரை மணிக்கும் மேலாக விறைப்பு இருக்கும். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே, எப்போது ஆரம்பித்தது என்றே சொல்ல முடியாதபடி மெதுவாகத் தொடங்கியிருக்கும். இதைப் பிரித்தறிய முதலில் எந்த இயந்திரமும் தேவையில்லை. கேட்டாலே போதும். அவர் கேட்டார், அண்ணா. அந்த நாட்களில் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பதில் உன்னிடமிருந்து போனது.

அது அந்தக் கோப்பில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அடிமுதுகில் எல்4-எல்5 என்கிற எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. எல்லாருக்கும் நிம்மதி. நீ அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டினாய். பாவம், உனக்கு அவ்வளவு சந்தோஷம், காரணம் கிடைத்துவிட்டதே என்று.

1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. அதில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தது. அதாவது வலியில்லாதவர்களில் பாதிப் பேரிடம் என்னுடைய அதே படம். டிஸ்க் யாருக்கும் வலி கொடுக்காது என்று நான் சொல்லவில்லை, கொடுக்கும். ஆனால் படத்தில் ஒன்று தெரிந்ததும் விசாரணை முடிந்துவிட்டது. என் பிரச்சினை இருந்த இடத்தை அந்தப் படம் சரியாகப் பார்க்கவே இல்லை. முதுகுத்தண்டின் அடியில் திரிகம் என்கிற எலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு அது. அதற்கென்று தனிக் கோணத்தில் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும்.

ஓய்வெடு, ஓய்வெடு என்று ஒவ்வொரு போனிலும் சொன்னாய். எனக்குச் செய்யக்கூடாத ஒன்றையே எனக்குச் செய்யச் சொன்னாய். நான் நடக்கப் போனால் அம்மாவை விட்டுத் தடுத்தாய். மாலையில் கொஞ்சம் நன்றாக இருந்து சிரித்துப் பேசினால், "பார், மனசு நல்லா இருந்தா வலியே இல்லை" என்றாய். அந்த விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் நீ சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குத் தெரிய வேண்டாம். உன் பிள்ளைகளும் ஒரு நாள் இதைப் படிப்பார்கள்.

வண்டி ஓட்டும்போது வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் முன்னால் "வருது, வருது, பிடிச்சுக்கோ" என்று சொல்வாயே. நான் தூங்கிவிட்டேனோ என்று தெரியாமல் குரலைத் தாழ்த்திச் சொல்வாய். இப்போது வேறு யார் வண்டியில் ஏறினாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்னால் உன் குரலை எதிர்பார்க்கிறேன். இதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நோயின் பெயர் தெரிந்த அன்று உனக்கு முதலில் சொல்லவில்லை. அண்ணி மூலமாகத்தான் உனக்குத் தெரிந்தது, அதில் உனக்கு எவ்வளவு வருத்தம் என்று எனக்குப் புரிகிறது. மன்னித்துக்கொள். ஆனால் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ உடனே நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பாய், ராத்திரிக்குள் அது உன்னுடைய செய்தியாகியிருக்கும். அது ஒரு நாளாவது என்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகவும் மன்னித்துக்கொள். இல்லை, அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நீ வெளியூரில் இருந்ததால்தான் அந்த மூட்டுவாத மருத்துவரிடம் தனியாகப் போனேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பேசத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. ராத்திரி நடப்பது, பக்கம் மாறி மாறி வலிப்பது, எல்லாம். அவர் என் அடிமுதுகில் பேனாவால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டுக் குனியச் சொன்னார். நன்றாக வளையும் முதுகில் அந்த இடைவெளி 15-ஐ எட்ட வேண்டுமாம். எனக்கு 13 கூட வரவில்லை. ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ. பி27 இருக்கிறது என்று வந்தது, இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு அடையாளம் அது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மூட்டுக்கென்று எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்கமும் எலும்புக்குள் அழற்சி தெரிந்தது. நோயின் பெயர் ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ், முதுகெலும்பையும் அந்த மூட்டையும் பிடிக்கும் அழற்சி. எக்ஸ்ரேயில் மூட்டு கெட்டது தெரியும் கட்டத்தில் இதையே ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம், சிலருக்குத் தெரியாமலே போகலாம்.

"இது ஆம்பளைங்களுக்கு வர்ற நோயாச்சே" என்று நீ கேட்டாய். நீ மட்டும் கேட்கவில்லை, மருத்துவர்களில் பலரும் பல காலம் அப்படித்தான் நம்பினார்கள். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாத என் வகையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். பெண்களுக்குக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது. பி27-க்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. நான் பிறப்பதற்கும் முன்னால். அதை நினைத்தால் யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் உன் மீது படுகிறேன். பக்கத்தில் இருந்தவன் நீதானே.

ஊசியைப் பற்றி நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். பயம் எனக்கும் உண்டு. முதலில் அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள்தான். வலி மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேன் என்று நீ பயமுறுத்தியதால் முன்பு அவற்றை ஒளித்து ஒளித்து, தாங்காத நாளில் மட்டும் போட்டேன். இந்த நோயில் அவையே முதல் மருந்து. வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாம் கவனித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். ஒன்றை நிறுத்தி இன்னொன்று என்று இரண்டு வகை மாத்திரையை முழு அளவில் போட்டுப் பார்த்தும் எனக்குப் போதுமான அளவு அடங்கவில்லை. அதனால்தான் அடலிமுமாப் என்கிற இந்த ஊசி. டி.என்.எஃப். என்று அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம் உடம்பில் இருக்கிறது, அதைத் தடுக்கும் மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட வேண்டும். இது தொற்றை எதிர்க்கும் சக்தியைக் கொஞ்சம் குறைக்கும், உள்ளே உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே காசநோய்க்கும் மஞ்சள் காமாலை பி வைரஸுக்கும் சோதித்தார்கள். இரண்டும் இல்லை. நோயை இது வேரோடு எடுக்காது. எல்லாருக்கும் வேலை செய்யும் என்றும் இல்லை. செய்தால் ராத்திரி தூங்குவேன். எனக்கு அது போதும். உடற்பயிற்சியை எப்படியும் விடக்கூடாது. அதனால் இனி நான் நடக்கப் போனால் அம்மாவிடம் சொல்லித் தடுக்காதே.

இனி எழுதுவது படிக்கிற எல்லாருக்கும். பி27 பெற்றோரிடமிருந்து வருவது. எனக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கு இருக்கக் குறைந்தது பாதி வாய்ப்பு உண்டு. அது இருக்கிற பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்து, இன்னொருவருக்கு ஒரு கண் மட்டும் சிவந்து வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போய், சொட்டு மருந்தில் சரியாகி மறுபடி வந்தால், அதைச் சாதாரணக் கண்வலி என்று விட்டுவிடக் கூடாது. யுவியைட்டிஸாக, அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சியாக இருக்கலாம். உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், காலையில் முதுகு எப்படி இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு முதுகெலும்பு சீக்கிரம் இறுகிப்போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. மீதியை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்துவிடாதே.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய். எப்படி இருக்கிறது என்று என்னையே கேள், அம்மாவிடம் கேட்காதே. அப்புறம், நீ யாரையாவது பார்க்கப் போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன். எவ்வளவு நேரமானாலும் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே நீ மட்டும் போ.

உன் தங்கை