அழகான பாதைக்கு அகலமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளான விமான சிமுலேட்டரில் குழுவாகப் பறக்கும் மன்றங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இயற்கைக் காட்சிப் பயணத்துக்கு அழகான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்ற எண்ணத்தைத் தருகிறது. உடன் வந்த படத்தில் குறுகிய பள்ளத்தாக்குக்குள் ஒரு ஜெட் பறக்கிறது. படம் அருமைதான். ஆனால் அந்த ஜெட் அங்கிருந்து திரும்பி வெளியே வர முடியாது.

காரணம் எளிய கணக்கு. 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில், இறக்கையை 30 டிகிரி சாய்த்துத் திரும்பும் விமானத்துக்கு வளைவின் ஆரம் சுமார் 1,250 அடி. வந்த வழியே திரும்ப அதன் இருமடங்கு, அதாவது ஏறக்குறைய 760 மீட்டர் அகலம் தேவை. வேகம் இருமடங்கானால் அகலம் நான்கு மடங்காகும். 180 நாட்டில் 3 கிலோமீட்டர். ஆகவே பாதை வகுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, பள்ளத்தாக்கின் மிகக் குறுகலான இடத்தை வரைபடத்தில் அளப்பது. தேவையான அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இல்லையென்றால், அந்தப் பகுதியை மேலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே போவோரும் நடுவில் பறக்கக் கூடாது. ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால்தான் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் கலப்பு அணி, அதாவது வெவ்வேறு வேக விமானங்கள் ஒன்றாகப் பறப்பது. செஸ்னா 172 என்ற சிறு விமானம் சுமார் 110 நாட்டில் போகும். அதைவிட மெதுவான பைப்பர் கப் விமானம் 70 நாட்டைத் தாண்டவே திணறும். ஒரு மணி நேரத்தில் இடைவெளி 40 கடல் மைல். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்கு நேர்கோட்டில் மொத்தத் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான்! எல்லோரும் ஒரே வகை விமானத்தில் வருவது நல்லது. முடியாவிட்டால் மெதுவான விமானங்களை முன்கூட்டியே கிளப்பிவிட வேண்டும். வேகமானவர்களை வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னால் மலைக்கு நடுவில் மோதல்தான் மிஞ்சும்.

வெளிச்சத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். உச்சிவெயிலில் மலைகள் தட்டையாகத் தெரியும். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் நிழல் விழுந்து முகடும் மடிப்பும் எழும்பி நிற்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு பாதையின் திசையை அமைக்க வேண்டும். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு வடமேற்கே இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பினால் இரு தடவையும் வெயில் கண்ணில் அடிக்காது. தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிமுலேட்டரில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறித்தால் தேதியும் கவனிக்கப்பட வேண்டும்: அங்கே திட்ட நேரப்படி காலை 8 மணி என்பது பொது நேரத்தில் முந்தைய நாள் 20 மணி. தேதி மாறி, பாதிப் பேர் மழையிலும் மீதிப் பேர் வெயிலிலும் பறப்பது வழக்கமான வேடிக்கை.

உயரமான இடங்களுக்குத் தனிப் பாடம் உண்டு. நேபாளத்தின் லுக்லா விமான நிலையம் 9,300 அடிக்கு மேலே இருக்கிறது. ஓடுபாதை 527 மீட்டர்தான், சரிவோ சுமார் 12 சதவீதம். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பிஸ்டன் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் வலுவிழக்கும். லுக்லாவில் கால் பங்கு போய்விடும். மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைக்காமல் தரைமட்ட அளவிலேயே விட்டவர்களுக்கு இன்னும் மோசம்: எஞ்சின் இருமும், ஏற்றம் நின்றுவிடும். காற்று மெலிந்திருப்பதால், வேகமானியில் அதே 90 நாட் காட்டினாலும் உண்மை வேகம் அதிகம். திரும்பும் ஆரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஓடுபாதையின் மேல் முனையில் மலை நிற்கிறது. கடைசி நேரத்தில் தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலேற வழியில்லை. புதியவர்களை முதல் பயணத்திலேயே அங்கே கூட்டிப் போவது மன்றத்துக்கு ஆள் குறைக்கும் வழி.

முகடுகளைக் கடக்கும்போது குறைந்தது 1,000 அடி இடைவெளி வேண்டும், பலத்த காற்றில் 2,000. நேராகப் போகாமல் 45 டிகிரி கோணத்தில் நெருங்கினால், காற்று கீழே அமுக்கும்போது சிறு திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

புறப்படும் முன் அனைவரும் ஒரே வானிலை அமைப்பில் இருக்கிறார்களா, உயரமானியில் ஒரே காற்றழுத்த அளவை வைத்திருக்கிறார்களா என்று குரல்வழியே கேட்டுவிட வேண்டும். காற்றழுத்த அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று பிசகினால் உயரத்தில் 27 முதல் 30 அடி வித்தியாசம். 10 பிசகினால் ஒருவர் ஏறக்குறைய 300 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார், அவருக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் பி விசையை அழுத்தினால் இது சரியாகும். கூடுதல் நிலக்காட்சி தொகுப்பை ஒருவர் மட்டும் நிறுவியிருந்தால், அவருடைய தரைமட்டமும் மற்றவர்களுடையதும் பொருந்தாது. நின்றிருக்கும் விமானம் காற்றில் மிதப்பதாகவோ மண்ணுக்குள் புதைந்ததாகவோ தெரியும். இணைய வேகம் குறைந்தால் கட்டடங்கள் உருகிய மெழுகுபோல் தோன்றும்; அவற்றை நோக்கித் தாழப் பறந்து பயனில்லை.

மேகத்துக்குள் முன்னால் போகிறவரைத் தவறவிட்டவர், தேடித் திரும்பக் கூடாது. முன்பே ஒப்புக்கொண்ட உயரத்துக்கு ஏறி, அடுத்த அடையாள இடத்தில் காத்திருக்க வேண்டும். அந்த உயரத்தையும் இடத்தையும் பாதைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
விமான சிமுலேட்டர் மன்றம் ஒன்றின் பாதை வகுப்பாளர்கள்