2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை நடத்தும் உறுப்பினர்களே, பயணிகளைக் கால்நடையாக அழைத்துச் சென்று ஊரைக் காட்டும் நடைவழிகாட்டிகளே, அனைவருக்கும் வணக்கம்.

செயலவை வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தீபாவளி வியாபாரம் குறையின்றி நடந்தது. இவற்றை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். ஏனெனில், எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் பேச்சு கடைசியில் வெயிலில்தான் போய் நின்றது.

பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானது 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்துள்ளது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ 2023இன் நடுவில் தொடங்கியது; அதுவும் இதற்குத் துணை நின்றது. கேட்பதற்குச் சின்ன எண்தான். குயின் ஸ்திரீட் பூக்கடையில் அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். விடியற்காலையில் கட்டிய மல்லிகைச் சரம் பதினொரு மணிக்கெல்லாம் நுனி பழுத்துவிடுகிறது. ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போர்த்தினாலும் மாலைப் பூசைக்கு அது உதவாது. ஒரே நாளுக்கு இருமுறை பூ வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்?

வழிகாட்டிகளின் நிலை இதைவிடக் கடினம். ஏப்ரலில் ஒரு நண்பகல் நடையின்போது, மூத்த பயணி ஒருவருக்குத் தலை சுற்றியது. நம் உறுப்பினர் அவரை ஒரு புடவைக் கடையின் ஐந்தடியில், அதாவது கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், உட்கார வைத்து, கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் தேறிவிட்டார். ஆனால் நடை பாதியில் நின்றதால், அனுப்பிவைத்த பயண நிறுவனம் அன்றைய கூலி முழுவதையும் பிடித்துக்கொண்டது. இது அநியாயம். அந்த நிறுவனத்துக்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

நம் ஊர் வெயிலின் கொடுமை வெப்பமானியில் மட்டும் இல்லை. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உடல் தணியாது. பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்ட தாரும் செங்கல்லும் இரவில்தான் அதைக் கக்குகின்றன. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை பயணிகள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள், அல்லது குளிர்ச்சியான கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயில் ஏறிவிடுகிறார்கள். நாம் கடையைத் திறந்து வைத்திருக்கும் நேரம் குறையவில்லை. விற்கும் நேரம்தான் குறைந்துவிட்டது. சம்பளமும் மின்கட்டணமும் முன்புபோலவே ஓடுகின்றன. சுற்றுலாவின் உற்பத்தித்திறன் என்று கருத்தரங்குகளில் பேசுவது நம் தெருவில் இதுதான்.

நடையை மாலை நான்கரைக்கு மாற்றிப் பார்த்தோம். இடிமழை வந்து கெடுத்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டவும் செய்யும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைக்குள் புகுந்த சேற்றை வாளி வாளியாக அள்ளியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்.

ஆகவே காலை ஏழரை, இரவு ஏழரை என்று இரண்டு வேளை முடிவு செய்தோம். இதில் கடைக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் மனத்தாங்கல் உண்டானதை மறைக்க விரும்பவில்லை. காலையில் வரும் பயணி 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைப் பார்ப்பார், தேநீர் குடிப்பார்; ஆனால் துணிக்கடைகள் அப்போது பூட்டிக் கிடக்கும். கடைக்காரர்களின் குறை நியாயமானது. பேசிப் பேசித்தான் வழி பிறந்தது: காலை நடை தேநீர்க்கடை, பூக்கடைப் பக்கமாகப் போகும், இரவு நடை மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடைகளில் முடியும். இரவில் கடை திறந்துவைக்க இசைந்தவர்களுக்கு நன்றி.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். 2008இல் யுனெஸ்கோ நம் ஜார்ஜ்டவுனை உலக மரபுத் தளமாக ஏற்றபோது பெருமைப்பட்டோம். அந்த மரபில் ஐந்தடியும் சேர்த்திதான். வெயிலிலும் மழையிலும் மனிதன் நனையாமல், காயாமல் நடக்க முன்னோர் விட்டுவைத்த நிழல் அது. அதில் நாமே பெட்டியை அடுக்கி, துணி மாட்டி அடைத்துவிட்டு, பயணியைத் தார்ச்சாலையில் இறக்கிவிடுகிறோம். நிழல் வேண்டும், மரம் வேண்டும் என்று மாநகர் மன்றத்திடம் கேட்பதற்கு முன் நம் வாசலை நாம் ஒதுக்க வேண்டாமா? செயலவை உறுப்பினர்கள் முதலில் தங்கள் கடை முன்னே இதைச் செய்துவிட்டார்கள்.

தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரின் காலில் தண்ணீர் ஊற்ற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டு, சாதி, மதம் பாராமல் மோர் கொடுக்கிறோம். அந்த ஈகையை வெயில் மாதங்களுக்கும் நீட்டிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே கீழ்க்காணும் தீர்மானத்தை அவையின் முன் வைக்கிறேன். மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையின் முதல் நிலையை, அதாவது தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி என்ற நிலையை, அறிவிக்கும் நாள்களில் நண்பகல் நடை எதுவும் நடத்தக்கூடாது. அந்நாள்களில் நடை நின்றால் வழிகாட்டிக்குப் பாதிக் கூலியைச் சங்க நிதி ஈடுசெய்யும். பினாங்கு ஸ்திரீட் முனையில் குடிநீரும் நான்கு நாற்காலியும் கொண்ட பந்தல் ஒன்றைச் சங்கம் நடத்தும். பந்தலுக்குத் தண்ணீர் தர இரண்டு கடைகள் முன்வந்துள்ளன. காலை வேளைக்கு ஆள் கிடைத்துவிட்டது. மதியம் இருந்து கவனிக்க இன்னும் ஒருவர் வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்