அரை மில்லிமீட்டர் சமாசாரம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமலே மாடிப்படி ஏறுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இனி அவரைப் பிடித்து ஓரிடத்தில் உட்கார வைப்பதுதான் உனக்குப் பெரிய வேலை. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. வெள்ளைத் தாளிலேயே எத்தனை வெள்ளை இருக்கிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கணினியில் வரைந்த கோட்டைப் பார்த்துத் தாளை வெட்டும் கட்டிங் மெஷின் வாங்கலாமா, எல்லாவற்றையும் அதுவே வெட்டித் தந்துவிட்டால் நமக்கென்ன வேலை மிச்சம் என்று கேட்டிருக்கிறாய். நேர்கோடு மட்டும்தான் வெட்டப் போகிறாய் என்றால் வாங்காதே. இரும்பு ஸ்கேலும் நல்ல கத்தியும் போதும். மெஷினை எடுத்து வைத்து, தாளை மேட்டில் (தாளைப் பிடித்துக்கொள்ளும் பசையுள்ள விரிப்பு, mat) ஒட்டி, கணினியைத் திறப்பதற்குள் கையாலேயே நாலு பெட்டி வெட்டிவிடலாம். மெஷின் தேவைப்படுவது இரண்டு இடத்தில். ஒன்று, வளைவும் பொத்தலும் நிறைந்த லேஸ் வேலை. இன்னொன்று, ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பச் செய்வது. பேத்தியின் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும், மூடியில் அவரவர் பெயர் வெட்டிய பெட்டி வேண்டும் என்கிறாய். இது இரண்டிலும் சேரும். வாங்கு.

ஆனால் வேலை மிச்சமிருக்காது என்று மட்டும் நினைக்காதே. வேலை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வெட்டுவதற்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: திரையில் வரைகிற கோட்டுக்குத் தடிமன் கிடையாது, தாளுக்கு உண்டு. பெட்டி செய்கிறவர்களின் பாதிச் சிக்கல் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

250, 300 கிராம் தாள் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அது) என்றால் தடிமன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். இதென்ன பெரிய கணக்கு என்று தோன்றும். ஆனால் மூடி என்பது அடிப்பெட்டியின் வெளிச்சுவர் மேல் உட்கார வேண்டியது. அதன் உள் அளவு, அடிப்பெட்டியின் வெளி அளவைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும். அடிப்பெட்டி 80 மில்லிமீட்டர் சதுரம் என்றால் மூடியை 81.5 அல்லது 82-ஆக வரை. இரண்டையும் 80 என்று வரைந்தால் மூடி ஏறவே ஏறாது. அழுத்தி ஏற்றினால் மூலை கிழியும். 84 என்று வரைந்தால் லொடலொடவென்று ஆடும். நல்ல மூடி தானாகவே மெல்ல இறங்க வேண்டும், உள்ளே இருக்கும் காற்று வழிவிட்டு வெளியேறும் வேகத்தில். அப்படி இறங்குகிற ஒரு மூடிக்காக நான் முழு மாலையையும் செலவழிப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இது பைத்தியமாகத் தெரிகிறது.

நான்கு சுவரும் சுற்றி வந்து ஒட்டுகிற பெட்டியிலும் இதே கதைதான். காதின் (பசை தடவ விடும் சின்ன மடிப்புப் பட்டை) மேல் வந்து படியும் கடைசிச் சுவரை மட்டும் அரை மில்லிமீட்டர் குறைத்து வரை. இல்லையென்றால் அதன் விளிம்பு மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், பெட்டி லேசாகக் கோணும். ஒட்டும் காதுகளின் இரண்டு முனையையும் சரிவாகச் சீவிவிடு. பக்கத்துக் காதுகள் மூலையில் முட்டிக்கொள்ளாது. செருகுகிற நாக்குக்கும் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தளர்வு வை.

கணக்கு டீச்சருக்கு ஒரு தீனி. கனசதுரத்தைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் 11 விதமான வலைகள் வரும், நீயே வகுப்பில் நடத்தியிருப்பாய். எந்த வலையை எடுத்தாலும் மடிப்பு 5, ஒட்ட வேண்டிய விளிம்பு 7. ஆறு முகங்கள் ஒரே துண்டாகத் தொங்க 5 இணைப்பு வேண்டும், 12 விளிம்பில் மிச்சம் 7. மூடி திறக்க வேண்டிய பெட்டி என்றால் அதில் 3 விளிம்பை ஒட்டாமல் விடுவோம், ஆகக் காது 4. அல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1525-லேயே இப்படித் திண்ம உருவங்களை விரித்து அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். குழிவே இல்லாத எந்தத் திண்மத்தையும் அதன் விளிம்புகளில் மட்டும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா? இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற கேள்வி இத்தனை காலம் நிற்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

நாம் வீட்டு மேசையில் செய்கிற வேலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர் ராபர்ட் கேர், புரூக்ளினில் காகிதப் பை அச்சடித்தவர். 1879-ல் பைக்கு மடிப்புத் தடம் (மடிக்க வசதியாகத் தாளில் அழுத்தும் கோடு) போட வேண்டிய உலோகப் பட்டை ஒன்று கொஞ்சம் உயர்ந்து நின்றதால், தடம் போடுவதற்குப் பதில் தாளையே வெட்டிவிட்டது என்பார்கள். மற்றவர்கள் பாழான சரக்கு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர் யோசித்தது வேறு: பட்டையின் உயரத்தை மாற்றி வைத்தால் வெட்டும் மடிப்புத் தடமும் ஒரே அழுத்தில் விழுமே! கடைகளில் சாமான் வருகிற மடிப்புப் பெட்டி அத்தனைக்கும் பிறப்பிடம் அதுதான். உன் மெஷினும் அதையேதான் செய்யும், அச்சுக்குப் பதிலாகக் கணினிக் கோட்டைப் பார்த்து. ஒரு நிறக் கோட்டை வெட்டு என்று சொல்வாய், இன்னொரு நிறத்தைத் தடம் என்று சொல்வாய்.

அந்தத் தடத்தைப் பற்றி ஒன்று. தடம் அழுத்திய பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். மடிக்கும்போது மேடு உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளியே. கைக்கு இது தலைகீழாகத் தோன்றும், பள்ளத்துக்குள் மடிக்கத்தான் விரல் போகும். மாற்றி மடித்துப் பார், வித்தியாசம் தெரியும். ஆகவே மெஷினில் தாளின் நல்ல பக்கத்தை மேலே வை.

அப்புறம் தாளின் இழை ஓட்டம். ஆலையில் தாள் ஓடிவரும் திசையில்தான் நார்கள் படுத்திருக்கும். தாளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல வளைத்துப் பார். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புக்கு இணையாக இழை ஓடுகிறது. வாழ்த்து அட்டையின் நடு மடிப்பு இழையோடு போனால் கத்தி போல வரும், குறுக்கே போனால் வெடித்து நார் தெரியும். பெட்டியில் மடிப்பு இரண்டு திசையிலும் வரும், நீளமான மடிப்புகளுக்கு இழையைக் கொடுத்துவிட்டு மற்றதற்குத் தடத்தை நம்ப வேண்டியதுதான். மேலே நிறம் பூசி உள்ளே வெள்ளையாக இருக்கும் தாளும் உண்டு. மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். சிலர் அதை வேண்டுமென்றே விரும்புகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை.

இனி உன் பெயர் வேலை. தமிழ்ப் பெயர்களை மூடியில் வெட்டப் போகிறாய் அல்லவா, ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் யோசனை எல்லாம் இங்கே பாதிதான் உதவும். பெயரைப் பொத்தலாக வெட்டினால் ப, ட, ர எல்லாம் சமர்த்தாக நிற்கும். க, ச, ம, ண, ன என்று சுழியோ மூடிய வளைவோ உள்ள எழுத்துகளில் உள்ளே இருக்கும் தாள் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு சின்னப் பாலம் வரைந்து வெளித் தாளோடு கட்டிப்போடு; பாலம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மேட்டிலிருந்து எடுக்கும்போதே அறுந்துவிடும். பொத்தலாக வெட்டாமல் எழுத்தையே தனித்துண்டாக வெட்டி ஒட்டினால் எல்லாம் நேர்மாறு: சுழிகள் பத்திரமாக இருக்கும், புள்ளியும் துணைக்காலும் தனியே பிரிந்து ஓடும். அதற்குப் பின்னால் ஒரு பட்டை கொடுத்து எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பெயருக்குப் பெயர் பார்த்து முடிவு செய். புள்ளி நிறைய இருந்தால் பொத்தல், சுழி நிறைய இருந்தால் ஒட்டு. சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வடிவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. அது இலவசம்.

பிளேடு பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஒன்றைத் தவிர. இவ்வகை மெஷின்களின் சாதாரண பிளேடுக்குத் திரும்பும் மோட்டார் கிடையாது. தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி இழுத்த பக்கம் தானே திரும்பிக்கொள்ளும். அதனால்தான் கூர்மையான மூலைகளில் நார்நாரான தாள் பிய்கிறது. வேகத்தைக் குறை, அழுத்தத்தைக் குறைத்து இரண்டு முறை ஓட விடு. ஒவ்வொரு புதுத் தாளிலும் ஓரத்தில் சின்னச் சதுரம் ஒன்று வெட்டிப் பார்க்காமல் பெரிய வேலையைத் தொடங்காதே. உள்பொத்தல்கள் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோடு அறுந்த பிறகு தாளுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். லேஸ் வேலைக்கு 160 கிராமுக்கு மேல் போகாதே.

வெட்டி முடித்ததும் தாளைப் பிடித்து இழுக்காதே, சுருண்டுகொள்ளும். மேட்டைக் குப்புறக் கவிழ்த்துத் தாளை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேட்டை வளைத்துத் தாளிலிருந்து உரி. இது தெரியாமல் எத்தனையோ பேர் தாள் மேல் பழி போடுகிறார்கள்.

வாழ்த்து அட்டைக்கு A5 தாளை நடுவில் மடித்தால் A6 ஆகிவிடும், 105-க்கு 148 மில்லிமீட்டர். அதற்கு C6 உறை, 114-க்கு 162. திறந்ததும் எழுந்து நிற்கும் அட்டைகள் வேண்டுமென்றால் டோக்கியோவில் கட்டடவியல் பேராசிரியராக இருந்த மசாஹிரோ சாட்டானியின் வழியைப் பார். ஒரே தாள், ஒட்டே இல்லாமல் வெட்டும் மடிப்புமாகக் கட்டடங்களை எழுப்பிக் காட்டியவர், 1980-களின் தொடக்கத்தில். கையால் கத்தி பிடிக்க நடுங்குகிற நமக்கு, மெஷின் அங்கேதான் உண்மையான உபகாரம்.

எந்த மெஷின் என்று கேட்பாய். பெயரைவிட இரண்டு கேள்வி முக்கியம்: அதன் மென்பொருள் இணையம் இல்லாமல் ஓடுமா, நீயே வரைந்த கோப்பைக் கூடுதல் காசு இல்லாமல் திறக்குமா? 2021 மார்ச்சில், இந்த மெஷின்களைச் செய்யும் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்த டிசைன்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. பயன்படுத்துகிறவர்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே அந்த யோசனையைக் கைவிட்டது. கைவிட்டது நல்லதுதான், ஆனால் காசு கொடுத்து வாங்கிய மெஷின்மேல் யாருக்கு எவ்வளவு பிடி என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. ஆகவே விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்கு, நான் வற்புறுத்துவது இதை மட்டும்தான்.

இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மேரி டெலானி என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுபது வயதைக் கடந்த பிறகுதான் வண்ணத் தாளை வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை சுமார் பத்து வருடம் செய்தார். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவரிடம் மெஷினும் இல்லை, புரை எடுக்க நம் காலத்து மருத்துவரும் இல்லை. உனக்கு என்னடி வந்தது?

கமலா போன வாரம் பேசினாள். பையன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுபடி தன் வீட்டுக்கே வந்துவிட்டாளாம். உன் எண்ணைக் கேட்டாள், கொடுத்திருக்கிறேன். பேசினால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். சண்டையைப் பற்றி அவளாகச் சொல்லும்வரை நீ எதுவும் கேட்காதே.

பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும், பெட்டிக்குள் என்ன வைக்கப் போகிறாய், அதன் நீளம், அகலம், உயரம் எவ்வளவு என்பதையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. தாள் வாங்கியாகிவிட்டால் ஒரு துண்டை உறையில் போடு, தடிமன் பார்த்து மூடி அளவை நான் வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
மங்கை