மூடிய கண்முன் சுழலும் உருளை

அன்பு மகளுக்கு,

உங்கள் கலைப்பள்ளியில் வரும் பருவத்தில் ட்ரீம் மெஷின் வகுப்பை நீயே எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். துளை போட்ட உருளை விளக்கைச் சுற்றிச் சுழல, கண்ணை மூடி அதன்முன் உட்கார்ந்து உள்ளே தெரியும் உருவங்களைப் பார்ப்பதுதானே அது. ரொம்ப சந்தோஷம்மா. செய்முறை கேட்டிருந்தாய். உருளை செய்வது ஒரு மத்தியான வேலைதான். அதன்முன் யாரை உட்கார வைக்கலாம் என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. இரண்டையும் எழுதுகிறேன்.

1958 டிசம்பரில் ஓவியர் பிரயன் கைசின் பிரான்சில் மார்சேய் நகருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். சாலையோர மரங்களுக்கிடையே சாய்ந்த வெயில் விட்டுவிட்டு அடிக்க, மூடிய இமைக்குள் நிறங்கள் பொங்கின. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த அவர் நண்பர் இயன் சோமர்வில் அதையே அட்டையையும் ரெக்கார்ட் பிளேயரையும் வைத்துச் செய்துகாட்டினார். கைசின் 1961இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கணக்கு சுலபம். ரெக்கார்ட் பிளேயரை 78 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றில், வைத்தால் தட்டு நொடிக்கு 1.3 சுற்று சுற்றும். உருளையைச் சுற்றி 8 துளை இருந்தால் நொடிக்கு 10.4 முறை ஒளி வெட்டும். 10 துளை என்றால் 13 முறை. கண்மூடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் எழும் ஆல்ஃபா அலையும் நொடிக்கு 8 முதல் 13 வரைதான். உருவங்கள் செழிப்பாக வருவது இந்த வட்டாரத்தில். இப்போது விற்கும் பிளேயர்கள் பலவற்றில் 78 கிடையாது. 45இல் ஓட்டுவதானால் 14 துளை வெட்டு, 10.5 வரும். 8 துளை அட்டையையே 45இல் ஓட்டினால் நொடிக்கு 6தான். மினுக்கும் விளக்குக்கு மேல் ஒன்றும் தெரியாது.

கெட்டியான கறுப்பு அட்டை 82 செ.மீ. நீளம், 75 செ.மீ. உயரம் எடு. 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் சுற்றளவு 80, குறுக்களவு 25.5 வரும். 8 துளைக்கு 10 செ.மீ.க்கு ஒன்று: அகலம் 4, உயரம் 6. வெட்டிவிட்டுத்தான் சுருட்ட வேண்டும். அடியில் நடுத்துளை போட்ட வட்ட அட்டையை ஒட்டி, பிளேயரின் நடு ஊசியில் உட்கார வை. மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும், சூடு வெளியேற. 60 வாட் தெளிந்த குண்டு பல்பை மேலிருந்து தொங்கவிடு. இழை துளைகளின் உயரத்தில், நடுவில், அட்டையில் படாமல் இருக்க வேண்டும். பால் வெள்ளை பல்பு வேண்டாம். ஒளி பரவலாக வந்து விளிம்பு மங்கிவிடும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் 12 வோல்ட் டி.சி.யில் எரியும் எல்.இ.டி. போடு, டிம்மர் இல்லாமல். வீட்டு மின்சாரத்தில் நேராக எரியும் மட்டமான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை தானே துடிக்கும்; அது உன் தாளத்துக்குள் புகுந்து சொரசொரப்பாக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒளி நொண்டினால் ஏதோ ஒரு துளையின் இடைவெளி பிசகியிருக்கிறது. சுற்றுக்கொருமுறை ஏறி இறங்கினால் உருளை மையத்தில் இல்லை. தட்டின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு 10 நொடி எண்ணு: 78 வேகத்தில் 13 முறை வர வேண்டும். குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுத்தால், 8 துளைக்கு, ஒரு ஒளிக்கும் அடுத்ததற்கும் நடுவே 23 பிரேம் இருக்கும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வெட்டும் ஒளியால் வலிப்பு வரும். சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் அதிகம். பலருக்கு அது வரும்வரை தெரியாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். நீ செய்யும் உருளையும் ஏறத்தாழ அதே வேகம்தான். ஆகவே ஒப்புதல் கையெழுத்து வாங்கினால் போதும் என்று இருந்துவிடாதே. 18க்குக் கீழே யாரும் வேண்டாம். தனக்கோ குடும்பத்திலோ வலிப்பு இருந்தவர், தூக்கம் கெட்டவர், காய்ச்சல்காரர், குடித்தவர் வேண்டாம். சிவப்புத் தாள் ஒட்டாதே. முதல் அமர்வு ஒரே நிமிடம், பக்கத்தில் ஒருவர் ஸ்விட்சில் கைவைத்தபடி. கண்ணை மூடினால் பாதுகாப்பு இல்லை. இமை வழியாகத்தானே பார்க்கிறோம். ஒருமாதிரி இருந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்தித் தலையைத் திருப்பச் சொல். வலிப்பு வந்தேவிட்டால் தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை. அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதே, கடிகாரத்தைப் பார். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

இந்தக் காரணங்களால் உருளைமுன் உட்கார முடியாதவர்களை ஓரமாக நிறுத்தி வைக்காதே, மனசு கஷ்டப்படும். அவர்களுக்கு வெட்டாத ஒளி இருக்கிறது: கான்ஸ்ஃபெல்ட், அதாவது பார்வை முழுக்க ஒரே சீரான ஒளி. 40 மி.மீ. பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டி, விளிம்பில் பஞ்சு வைத்து, கண்மேல் மூடு. திறந்த கண்தான். அரை மீட்டர் தள்ளி மங்கலான சிவப்பு விளக்கு, காதில் மின்விசிறி மாதிரி ஒரே இரைச்சல், 15-20 நிமிடம். அச்சு எழுத்து இருக்கும் பாதியைப் போடாதே. ஒரு புள்ளி தெரிந்தாலும் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒன்றும் வராது.

சல்லடை, சிலந்தி வலை, சுரங்கம், சுருள் என்று நாலு வகை உருவம் திரும்பத் திரும்ப வரும். உளவியலாளர் ஹைன்ரிஷ் க்ளூவர் 1920களில் மெஸ்கலின் என்ற மாயக்காட்சி தரும் போதைப்பொருள் எடுத்தவர்களிடம் இதே நாலைத்தான் குறித்தார். இவற்றுக்குக் காரணம் கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள இணைப்பின் அமைப்பு என்பது இன்றைய விளக்கம். இதை மாணவர்களிடம் பிறகு சொல்லு. முன்னாலேயே சொன்னால் சொன்னதைத்தான் பார்ப்பார்கள். ஜெர்மனியில் வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியர் யோஹன்னஸ் இட்டன் வரைவதற்கு முன் மூச்சுப் பயிற்சி வைத்தார். நீ வரைந்து முடியும்வரை மௌனம் வை. விளக்கு அணைந்ததும் 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒருவர் "மண்டலம்", அதாவது வட்டக் கோலம், என்று வாய் திறந்தால் அறை முழுக்க மண்டலம்தான் வரைவார்கள். வெள்ளைத் தாள் கொடுக்காதே. கறுப்புத் தாளும் பேஸ்டலும், விளக்கு போடுவதற்கு முன்பே அவரவர் மடியில் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா